பொ. மிதுனா, இரண்டாவது பிராஞ்ச்

அதுல மோசடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உங்க பொண்ணு இருநூத்தி நாப்பது எடுத்துருக்குது, பக்கத்து வீட்டுப் பையன் இருநூத்தி அஞ்சுதான் எடுத்துருக்கான், ஆனா பையனுக்குத்தான் பர்சன்டைல் ஒசத்தியா வந்துருக்குது. அவ்வளவுதானுங்களே? போன்ல உங்க மச்சானுக்குச் சொல்லிட்டு வந்தீங்கில்ல, கேட்டுட்டுத்தான் வந்தேன். ஒட்டுக் கேக்கலீங்க. பஸ்ஸுல ஒரே சீட்டுல உக்காந்துட்டு காதை மட்டும் எங்க கொண்டுபோய் வெக்கறது.

இந்த இன்ஜினீரிங் என்ட்ரன்ஸ் பரீட்சை ஒரே நாள்ல நடக்கறதில்லீங்க. லட்சக்கணக்குல எழுதறாங்க, அத்தனை கம்ப்யூட்டருக்கு எங்க போவாங்க. காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம்னு நாலஞ்சு நாள் ஓடும். ஷிஃப்ட்டும்பாங்க. ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் ஒவ்வொரு கேள்வித்தாள். ஒண்ணு லேசா அமைஞ்சுரும், ஒண்ணு உயிரை எடுத்துரும். அப்ப ரெண்டு பேர் மார்க்கை எப்படிங்க பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறது? அதனால மார்க்கை விட்டுருவாங்க. உங்க பொண்ணோட ஷிஃப்ட்டுல எழுதுனவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேரு உங்க பொண்ணுக்குச் சமமாவோ கீழயோ நிக்கறாங்கன்னு பாப்பாங்க. அதுதான் பர்சன்டைல். பையனோட ஷிஃப்ட் கஷ்டம், இருநூத்தி அஞ்சுக்கே அவன் மேல போயிட்டான். உங்க பொண்ணோடது லேசு, எல்லாருமே அள்ளியிருப்பாங்க.

நாம எவ்வளவு எடுத்தோம்ங்கறதைவிட கூட யாரு உக்காந்து எழுதுனாங்கங்கறதுதானுங்க இதுல சங்கதி. ஒவ்வொரு ஷிஃப்ட்டுலயும் மொதல்ல நிக்கறவனுக்கு நூறு. அவன் முன்னூறே எடுத்தாலும் நூறு, இருநூறு எடுத்தாலும் நூறு. நியாயமான ஏற்பாடு. நான் இப்பவும் சொல்வேன், அந்தக் கணக்குல ஒரு குத்தம் சொல்ல முடியாது.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. பத்தொம்பது வருசம் ஒரு கோச்சிங் சென்டர்ல டெஸ்ட் செக்சன் பாத்தவனுங்க. பேரு வேண்டாம், நாமக்கல் பக்கம், ஹாஸ்டலோட இருக்கறது. என் பேரு பொங்கியண்ணன். இப்ப அங்க இல்லீங்க, விட்டுட்டேன். ஏன்னு சொல்லப் போனா ஈரோடு வந்துரும். நீங்களும் ஈரோடுதானே? அப்பச் சரி.

ஞாயித்துக்கெழமை காலையில மாதிரித் தேர்வு, திங்கக்கெழமை மெஸ்ஸுக்குப் போற வழியில ரேங்க் லிஸ்ட். அதான் என் வேலை. நெசப் பரீட்சை மாதிரியே பர்சன்டைல்தான் போடுவோம். ஆனா நெசத்துல ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒண்ணரை லட்சம் பேரு, எங்ககிட்ட இருநூத்திப் பன்னெண்டு புள்ளைங்க. இருநூத்திப் பன்னெண்டுல மொத ஆளுக்கும் கணக்குப்படி நூறுதான் வரும். ஒரு வருசம் ஒரு பையன் ரெண்டு மாசம் தொடர்ந்து நூறு வாங்கிட்டு, நமக்கு மேல ஆளே இல்லைன்னு புஸ்தகத்தை மூடிட்டான். நெசப் பரீட்சையில தொண்ணூத்திரெண்டு. கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டாரு. இனிமே இங்க ஒருத்தன்கூட நூறைக் கண்ணால பாக்கக்கூடாது பொங்கியண்ணன், என்ன பண்ணுவீங்களோ தெரியாதுன்னாரு.

என்ன பண்றது? மேல ஆள் வெக்கணும். எங்களுக்கு ரெண்டாவது பிராஞ்ச்னு ஒண்ணு உண்டுங்க. உண்டுன்னா போர்டு உண்டு. பைபாஸ் ஓரத்துல பில்லர் மட்டும் எழுப்பி நிப்பாட்டியிருந்தாங்க, கம்பி துருப்பிடிச்சு நிக்கும். அந்த பிராஞ்ச்ல நாப்பது புள்ளைங்க படிக்கற மாதிரி நாப்பது பேரை எழுதி லிஸ்ட்ல சேத்தேன். சேத்துக்கறது தப்புன்னு நெனைக்காதீங்க. எல்லா எடத்துலயும் ஏதாச்சும் ஒரு வகையில பண்றதுதான். முப்பத்தொம்பது பேருக்கு மார்க்கை கம்ப்யூட்டரே ஏதோ ஒண்ணு போட்டுரும். மொதல்ல நிக்கற ஆளுக்கு மட்டும் கையால போடணும். ஏன்னா அந்த ஆளு எங்க புள்ளைங்கள்ல மொதல்ல வர்றதைவிட ஒரு மார்க்கு ரெண்டு மார்க்கு தாண்டி நிக்கணும், எட்டிப் புடிச்சரலாம்னு தோணற தூரத்துல.

அந்த ஆளுக்கு மிதுனான்னு பேர் வெச்சேன்.

வெச்சேன்னா, புதுசா யோசிச்சதில்லீங்க. எங்க வீட்ல ஒரு கொழந்தை பொறந்துச்சு, அந்த லிஸ்ட்ல இருந்த புள்ளைங்கெல்லாம் பொறந்த அதே வருசந்தான். பதினொரு நாள் இருந்தா. பேரு என் வீட்டுக்காரி சாந்தாமணி வெச்சது, ஆஸ்பத்திரியிலயே. அதுக்கப்புறம் எங்களுக்கு ஒண்ணும் தங்கலீங்க. பேரு சும்மாதானே கெடக்குதுன்னு போட்டேன். இனிஷியல் கட்டம் வந்துச்சு, கை தானா என் பேரோட மொத எழுத்து 'பொ'வைப் போட்டுருச்சு. வேற ஒண்ணும் இல்லீங்க அதுல.

அந்த பேட்ச்ல யுவராணின்னு ஒரு புள்ள. திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பன் போர்வெல் லாரியில மத்தியப் பிரதேசம், ஒடிசான்னு சுத்தற ஆளு, அம்மா ருக்குமணி தறிக்குப் போகுது. புள்ள கெட்டிக்காரப் புள்ளைங்க. படிச்சாத்தான் உண்டுன்னு தெரிஞ்சு வந்த புள்ள. மொத வாரத்துலயே எங்க சென்டர்ல அதுதான் முன்னால. லிஸ்ட்ல ரெண்டாவது. மேல மிதுனா.

ரெண்டாவது வாரமும் ரெண்டாவது. தீபாவளி வரைக்கும் அப்படியேதான். அந்தப் புள்ள வந்து கேக்கும், சார், மிதுனாவுக்கு இந்த வாரம் கெமிஸ்ட்ரியில எவ்வளவுன்னு. சப்ஜெக்ட் மார்க்கு லிஸ்ட்ல வராதுங்க. நான் சொல்லுவேன். கெமிஸ்ட்ரியில அவ கொஞ்சம் கம்மிதான். சாந்தாமணிக்கும் பிளஸ் டூல கெமிஸ்ட்ரி வராதுங்க, அதனால அப்படி வெச்சேன். புள்ளைன்னா ஏதாச்சும் ஒரு பக்கம் இழுக்கணுமில்ல. ஒரு வாரம் காய்ச்சல்னு பதினெட்டு மார்க்கு எறக்குனேன். கணக்குல மட்டும் அவளை யாரும் தொட முடியாது. ஞாயித்துக்கெழமை மத்தியானம் பூரா எனக்கு இதேதான் வேலை. சாந்தாமணி போன் பண்ணிச் சோறு ஆறுதும்பா. இரு, முடிச்சுட்டு வர்றேன்னு வெச்சுருவேன்.

டிசம்பர்ல ஒரு வாரம் யுவராணி முன்னூறுக்கு இருநூத்தி எம்பத்தாறு எடுத்துச்சு. எங்க சென்டர்லயே அதுவரைக்கும் யாரும் எடுக்கல. பிசிக்ஸ் சார் குணசேகரன் எங்கிட்ட வந்தாரு. அவருக்கு விசயம் தெரியும். சார், இந்த ஒரு வாரமாச்சும் அந்தப் புள்ளையை மொதல்ல போடுங்க, வாடிப்போயி நிக்குதுன்னாரு. நான் யோசிச்சுத்தான் பாத்தேன். நூறைப் பாத்துட்டா தலைக்கனம் வந்துரும், பரீட்சை வேற பக்கத்துல. அதுவுமில்லாம நியாயத்தைச் சொல்லுங்க, மிதுனா வருசம் பூரா ஒழுங்காப் படிச்சவ. ஒரு வாரத்துக்காக அவளை எப்படிங்க எறக்கறது? இருநூத்தி எம்பத்தேழு போட்டேன். ஒரே ஒரு மார்க்குதானுங்க.

குணசேகரன் லிஸ்ட்டைப் பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் அவரு எங்கூட டீ குடிக்க வர்றதில்லை.

ஹாஸ்டல் வார்டன் ஒரு அம்மா இருந்துச்சு. அது வந்து சொல்லுச்சு, அந்தப் புள்ள இப்பெல்லாம் பேசிக்கிட்டே படிக்குதுங்க சார்னு. யாருகூடன்னேன். மிதுனாகூடத்தான்னு சொல்லுச்சு. ஸ்டடி ஹால்ல பக்கத்துல ஒரு சேர் போட்டு வெச்சுக்குதாம், யாரையும் உக்கார விடறதில்லையாம். நீ இந்தக் கணக்கை எப்படிப் போட்டேன்னு கேட்டுட்டு, கொஞ்ச நேரம் காது குடுத்துட்டு, அப்புறம் தலையாட்டிட்டு எழுதுதாம். சாப்பாடு சரியா எறங்கறதில்லையாம். கேட்டா, நான் சாப்பிடற நேரத்துல மிதுனா படிச்சுட்டிருப்பாங்குதாம். வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாமாங்குது.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்குது. எனக்கு வெசனமா இல்லீங்க அப்ப. சந்தோசமா இருந்துச்சு. அவகூட பேசறதுக்கு ஒரு ஆளாச்சேன்னு இருந்துச்சு. பரீட்சை நெருக்கத்துல புள்ளைங்க அப்படித்தான் இருக்கும், போயி வேலையைப் பாரும்மான்னு அனுப்பிட்டேன்.

ஜனவரிப் பரீட்சைக்கு முன்னால யுவராணி வந்து கேட்டுச்சு. சார், மிதுனாவுக்கு எந்த ஷிஃப்ட்? அதுக்கு இந்த பர்சன்டைல் கணக்கு அத்துப்படிங்க. ஒரே ஷிஃப்ட்டா இருந்தா மிதுனாவுக்குத்தான் நூறு, தனக்கு வராது. வேற ஷிஃப்ட்னா தனக்கும் நூறு வரலாம். அதான் கேக்குது. வேற ஷிஃப்ட்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடுக்கமா எழுதட்டும்னு உன் ஷிஃப்ட்தான்னு சொல்லிட்டேன்.

எழுதப் போன எடத்துல வாசல்ல ஒட்டியிருந்த லிஸ்ட்ல பேர் பேராத் தேடியிருக்குது. இல்லைன்னதும் வேற சென்டர்ல உக்காந்து எழுதிட்டிருக்கான்னு நெனைச்சுக்கிச்சு. ஒவ்வொரு கேள்வியிலயும் அவ இதை இந்நேரம் முடிச்சுருப்பாளேன்னுதான் ஓடுச்சாம் மனசு. தொண்ணூத்தாறு வந்துச்சு. எங்க புள்ளைங்களுக்குத் தொண்ணூத்தாறை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க, நல்ல காலேஜ் எட்டிக்கூடப் பாக்காது. ரிசல்ட் வந்த அன்னைக்கு எங்கிட்ட வந்து தன்னோடதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மிதுனாவுக்கு எவ்வளவு சார்னு கேட்டுச்சு. தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது எட்டுன்னேன்.

அவ அவ்வளவுதான் எடுத்துருப்பாளுங்க. குறைச்சுச் சொல்ல முடியாது.

ஏப்ரல்ல இன்னொரு வாய்ப்பு உண்டுங்க, ரெண்டுல எது ஒசத்தியோ அதை எடுத்துக்குவாங்க. மார்ச்ல ருக்குமணி வந்துருச்சு. கரஸ்பாண்டென்ட் ரூமுக்கு வெளியில நின்னுட்டு, எம்புள்ள என்னைப் பாத்தா மொகங்கூடக் குடுக்கறதில்லீங்க, கூட்டிட்டுப் போறேன், பரீட்சையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு அழுகுது. கரஸ்பாண்டென்ட் என்னைப் பாத்து, அந்தப் பேரை எடுத்துத் தொலைங்கன்னாரு.

எடுத்தேன். எடுக்கறது ஒரு நிமிச வேலைதானுங்க. திங்கக்கெழமை லிஸ்ட்ல யுவராணி மொதல். வாசிச்சுட்டு நேரா எங்கிட்ட வந்து நின்னுச்சு.

"மிதுனா எங்க சார்?"

டிசி வாங்கிட்டுப் போயிட்டான்னு சொல்லியிருக்கலாம். கோச்சிங்குக்கு ராஜஸ்தான் கோட்டா போயிட்டா, டெல்லி போயிட்டான்னு எத்தனையோ சொல்லலாம். வருசம் பூரா வாய் கூசாமச் சொன்னவந்தானே. அன்னைக்கு வரலீங்க.

"அவ இல்ல அம்மிணி. தவறிட்டா"ன்னேன்.

நல்லா யோசிச்சுப் பாத்தா அந்த வருசம் நான் சொன்னதுல அது ஒண்ணுதானுங்க நெசம்.

புள்ள அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துருச்சு. அழுகல. ரெண்டு நாள் ஸ்டடி ஹால் பக்கமே வரல. அப்புறம் படிச்சுச்சு. அப்படி ஒரு படிப்பு. பக்கத்துச் சேர்ல அதுவே ஒரு நோட்டை வெச்சுச்சாம். ஏப்ரல்ல தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழு. தாள் கஷ்டமா அமைஞ்சுச்சு, மார்க்குன்னு பாத்தா இருநூத்திப் பதினொண்ணுதான். பர்சன்டைல் கணக்கு தூக்கி மேல வெச்சுருச்சு. நான் சொன்னேனில்ல, நியாயமான கணக்குன்னு.

அதோட முடிஞ்சுருக்கணுமுங்க.

மே மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை. வீட்ல இருந்தேன். காலையில பதினோரு மணி இருக்கும், வெளிய ஒரு பொம்பள வந்து நின்னுச்சு, கூட ஒரு புள்ள. பாத்தா ருக்குமணியும் யுவராணியும். மார்க் ஷீட்டு வாங்க சென்டருக்குப் போன எடத்துல ஆபீஸ் புள்ளைகிட்ட, ரெண்டாவது பிராஞ்ச் மிதுனா வீட்டு அட்ரஸ் வேணும்னு கேட்டுருக்குதுங்க. அது கம்ப்யூட்டர்ல பாத்து எழுதிக் குடுத்துருச்சு. லிஸ்ட்ல இருந்து எடுத்தனே தவிர அட்மிசன்ல பேர் அப்படியேதான் இருந்துச்சு. அட்ரஸ் கட்டத்தைக் காலியா விட்டா அந்த சாப்ட்வேர் ஏத்துக்காது. அப்பன் பேரு கேக்கும், ஆத்தா பேரு கேக்கும். நான் எங்களோடதைத்தான் போட்டுருந்தேன். வேற என்னத்தைப் போடறது?

துக்கம் கேக்க வந்துருக்குதுங்க.

புள்ள என்னைப் பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு. "சார், மிதுனா உங்க பொண்ணுங்களா? அந்த வாரங்கூட நீங்க லீவு போடலீங்களே சார்"னு சொல்லிட்டு விசும்புது. வேற வீடும்மா, தப்பா வந்துட்டீங்கன்னு நான் சொல்லணும். வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள ருக்குமணி செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயிருச்சு.

சாந்தாமணி சமையக்கட்டுல இருந்து கையைத் தொடச்சுட்டு வர்றா, யாருன்னு கேக்கறதுக்கு. ருக்குமணி அவளைக் கட்டிப் புடிச்சுருச்சு. மிதுனா போயிட்டாளே, எம்புள்ளகூடப் படிச்ச தங்கம் போயிருச்சேன்னு பெருசா அழுகுது. எங்க பக்கம் அப்படித்தானுங்க, மொகம் பழக்கமில்லாட்டியும் துக்க வீட்டுக்குள்ள போனா பொம்பளைங்க கட்டிக்கிட்டு அழுவாங்க.

சாந்தாமணி வெறைச்சுப் போயி நின்னா. அந்தப் பேரை எங்க வீட்ல பதினேழு வருசமா யாரும் வாயில எடுத்ததில்ல. என் மொகத்தைப் பாத்தா. நான் கீழ குனிஞ்சுட்டேன்.

பதினொரு நாள் கொழந்தைக்கு யாருங்க துக்கம் கேக்க வருவா? சாங்கியம் கெடையாது, சொந்தக்காரங்களுக்குச் சொல்லியனுப்பறது கெடையாது. கொண்டுபோயி வெச்சுட்டு வந்து, ஆகற வேலையைப் பாருன்னுட்டாங்க எல்லாரும். எங்கம்மாவே சொன்னாங்க, அழுது ஒடம்பைக் கெடுத்துக்காத, அடுத்தது தங்கும்னு. சாந்தாமணி அப்ப அழுகலீங்க. அன்னைக்கு அந்தப் பொம்பள தோள்ல மொகத்தை வெச்சு அழுதா. ரோட்டுல போறவங்கெல்லாம் நின்னு பாத்தாங்க. எனக்கு அங்க நிக்க முடியல, போகவும் முடியல.

அப்புறம் பாய்ல உக்காந்தாங்க. யுவராணி சாந்தாமணி பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்கிட்டு மிதுனாவைப் பத்திச் சொல்லுது. கணக்குல அவளை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க ஆன்ட்டி, கெமிஸ்ட்ரியில மட்டும் நான் ரெண்டு மூணு தடவை தாண்டியிருக்கேன்னு. காய்ச்சலோட வந்து எழுதுனதைச் சொல்லுச்சு. சாந்தாமணி கண்ணைச் சிமிட்டாமக் கேட்டுட்டிருக்கறா. அது நின்னா, அப்புறம் அம்மிணி, அப்புறம்னு கேக்கறா. நான் நெலைப்படிகிட்ட நின்னு இவ எப்பப் போட்டு ஒடைப்பாளோன்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலீங்க.

போறப்ப அந்தப் புள்ள சொல்லுச்சு, "அவ அன்னைக்கு எழுதியிருந்தா எனக்கு இவ்வளவு வந்துருக்காதுங்க ஆன்ட்டி. அவ எடத்துல நான் ஏறிட்டேன்."

நான் சும்மா இருந்துருக்கலாம். அப்படியில்லம்மா, ஒண்ணரை லட்சம் பேத்துல ஒரு ஆள் கொறைஞ்சா புள்ளிக்கு அப்புறம் மூணு பூஜ்யம் தாண்டித்தான் எதுவும் மாறும்னு வெளக்கம் சொன்னேன். கணக்குப்படி அதுதானுங்க. மூணு பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் ருக்குமணி புள்ளையைக் கூட்டிட்டுக் கெளம்புச்சு. துக்க வீட்ல சொல்லிட்டுப் போகக்கூடாதில்லீங்க, போயிட்டு வர்றேங்கல. திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டாங்க.

சாந்தாமணி என்னைத் திட்டுவான்னுதான் இருந்தேன். செத்த புள்ள பேரை வெச்சு இப்படிப் பண்ணுனியேன்னு கேப்பான்னு தயாரா இருந்தேன். அவ பாயைச் சுருட்டாம அங்கயே உக்காந்துருந்தா. "ஒரு வருசம் நீங்க மட்டும் வெச்சு வளத்துருக்கீங்க"ன்னா. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் பாத்துருப்பேன்"னா.

உக்காருங்கன்னு கையைக் காட்டுனா. எதுத்தாப்புல உக்காந்தேன். மொத வாரத்துல இருந்து சொல்லுங்கன்னா. எனக்கு அத்தனையும் மனப்பாடமுங்க. ஜூன் ரெண்டாவது ஞாயிறு, கணக்கு தொண்ணூத்தாறு, பிசிக்ஸ் எம்பத்தெட்டு, கெமிஸ்ட்ரி எழுவத்தொண்ணுன்னு ஆரம்பிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டுனா. கெமிஸ்ட்ரியில கொறையறப்பெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வருது, அழுகையும் வருது. காய்ச்சல் வந்த வாரம், யார் பாத்துக்கிட்டாங்கன்னு கேட்டா. முப்பத்தெட்டு வாரமும் சொல்லி முடிச்சேன். சோறு அடுப்புலயே கெடந்துச்சு.

"அப்புறம்?"னா.

அப்புறம் இல்ல சாந்தா, மார்ச்சுல நான் பேரை எடுத்துட்டேன்னேன்.

அதுவரைக்கும் மெதுவாப் பேசிட்டிருந்தவ நிமுந்து பாத்தா. "யாரைக் கேட்டு எடுத்தீங்க?"ன்னா.

ஒம்பது மாசமாச்சுங்க. அடுத்த பேட்ச்சுக்கு லிஸ்ட் போட உக்காந்தப்ப எனக்கு அந்தக் கேள்விதான் கேட்டுச்சு, எந்திரிச்சு வந்துட்டேன். வீட்லயும் நல்லாத்தான் இருக்கறா, வேலை செய்யறா, சிரிச்சுக்கூடப் பேசறா. ஞாயித்துக்கெழமை மத்தியானம் சோத்தைப் போட்டு என் முன்னால வெச்சுட்டு, இன்னமும் அதையேதான் கேக்கறா.